இடது கைச் சிலுவை

ரோசம்மாவுக்குப் பொய் வராது. நல்ல குணத்தால் அல்ல. இன்று சொன்ன பொய்யை நாளைக்கு மறந்துபோய் அவளே மாட்டிக்கொள்வாள். அவள் கணவன் சவுரியப்பனுக்கு இது நன்றாகத் தெரியும். அப்படியும் தருமபுரி பஸ்ஸில் வழி நெடுக அவள் காதைக் கடித்துக்கொண்டே வந்தான்.

“கட்டு போட்ட கதைய வக்கீலம்மாகிட்ட எடுக்காத. கேட்டா, ஆஸ்பத்திரிய விட்டா வேற எங்கயும் போகலன்னு சொல்லு.”

ரோசம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடத்தூரில் ஜாக்கெட் என்றால் ரோசம்மா கடைதான். போன வருஷம் காய்ச்சல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். செல்போனில் பேசிக்கொண்டே வந்த நர்ஸ், அவள் வலது புஜத்தில் ஊசியைக் குத்தினாள். விரல் நுனி வரைக்கும் ஷாக் அடித்தது. அப்போதே மணிக்கட்டு துவண்டு தொங்கிவிட்டது. டாக்டர் எழுந்துகூட வரவில்லை, “சரியாயிரும், போங்க” என்றார். சரியாகவில்லை. மறுநாள் காலையில் சவுரியப்பன் அவளைக் கட்டுப் போடும் வைத்தியரிடம் கூட்டிப்போனான். கை பிசகினாலும் மாடு முட்டினாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் முதலில் போவது அங்கேதான். அவரும் தன் பங்குக்குத் தோளிலிருந்து விரல் வரை பச்சிலை அப்பி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டி அனுப்பினார்.

கடைசியில் சேலத்து நரம்பு டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். புஜத்தில் நரம்பு அடிபட்டிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் விரல்கள் மறுபடி விரியும். இப்போதைக்கு ரோசம்மாவால் கத்தரியை மூட முடிகிறது, திறக்க முடியவில்லை. திறக்காத கத்தரியை வைத்துக்கொண்டு என்ன தைப்பது? அந்த ஆபரேஷன் செலவை ஆஸ்பத்திரியே ஏற்க வேண்டும் என்று நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடத்தான் இந்தப் பயணம்.

சட்ட உதவி மையம் அவர்களுக்கு ஒதுக்கிய வக்கீல் கோகிலவாணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“ஊசி போட்டப்புறம் வேற எங்கயாச்சும் காட்டுனீங்களா?”

“இல்லீங்க” என்று சவுரியப்பன் முந்திக்கொண்டான்.

“கட்டு போட்டமுங்க” என்றாள் ரோசம்மா.

சவுரியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் கோகிலவாணிக்குக் கோபம் வரவில்லை.

“நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. மறைச்சு அவங்க கண்டுபிடிச்சா அப்புறம் நீங்க சொல்ற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா, கட்டு இறுக்குனதாலதான் நரம்பு போச்சுன்னு கண்டிப்பா சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடியே கை தொங்குச்சுன்னு பாத்தவங்க யாரு?”

“கோயில்ல இருந்த அத்தன பேருமுங்க” என்றாள் ரோசம்மா. சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது.

ஊசி போட்ட அன்று சாயந்திரம் அண்ணன் மகன் ஆண்டோவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ரோசம்மாதான் ஞானத்தாய். வலது கை வராமல் இடது கையால் சிலுவை போட்டாள். கத்தோலிக்கர் வூட்டில் சின்னப் பிள்ளை அப்படிச் செய்தாலே கையில் அடி விழும். மைக் முன்னால் நின்ற சாமியார், “ரோசம்மா, வலது கை” என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது.

“வீடியோ எடுத்தாங்களா?” என்று கேட்டாள் கோகிலவாணி.

ஆண்டோ செல்போனில் எடுத்தான்தான். ஆனால் அந்த இடத்தை வெட்டச் சொல்லி அவனை நச்சரித்ததே ரோசம்மாதான். வெட்டிவிட்டேன் என்று அவனும் சொல்லியிருந்தான். ஊசி போட்ட நாளிலிருந்து அழாதவள், திரும்பி வரும் பஸ்ஸில் அழுதாள்.

இறங்கியதும் நேரே ஆண்டோ வூட்டுக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டு அவன் திருதிருவென்று விழித்தான்.

“வெட்டலீங்க அத்த. அத வெட்டுனா பாப்பா தலைல தண்ணி ஊத்துறதும் சேந்து போயிரும். நீங்க திட்டுவீங்கன்னுதான் வெட்டிட்டேன்னு சொன்னேன்.”

“நல்லா இருப்படா” என்றாள் ரோசம்மா. பொய் சொன்னவனை அவள் வாழ்த்தியது அன்று ஒருநாள்தான்.

விசாரணையில், கோகிலவாணி சொன்னபடியே ஆஸ்பத்திரி வக்கீல் கட்டு போட்ட கதையைத்தான் பிடித்துக்கொண்டார். வீடியோ ஓடியதும் சட்டென்று வழி மாறினார்.

“இடது கையால செய்யறாங்க, அவ்வளவுதானே? இவங்களுக்கு இடது கைப் பழக்கமா இருக்கலாம்.”

ரோசம்மா அனுமதி கேட்டு எழுந்தாள். “பழக்கம் எந்தக் கையா இருந்தாலும் சிலுவை வலது கையிலதாங்க. மேல ஓட்டிப் பாருங்க, சாமியார் சொன்னப்புறம் நான் என்ன பண்ணுறேன்னு.”

படத்தில் ரோசம்மா வலது கையைத் தூக்கினாள். முழங்கை மடங்கியது. மணிக்கட்டிலிருந்து கை பிழிந்த துணி மாதிரி தொங்கியது. அதை இடது கையால் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆணையத் தலைவர் அந்த இடத்தை மறுபடி ஓட்டச் சொன்னார். இரண்டாம் முறை ஓடியபோது ரோசம்மா தலையைக் குனியவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது தன் பக்கத்து சாட்சிகள் என்று அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு நிமிர்ந்தது.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஊசி போட்டதில் கவனக்குறைவு, கை தொங்கிய பிறகும் பார்க்காமல் அனுப்பியதில் கவனக்குறைவு. ஆபரேஷன் செலவையும் கடை மூடிக் கிடந்த நாளின் நஷ்டத்தையும் ஆஸ்பத்திரியே தர வேண்டும்.

வெளி வராந்தாவில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் ரோசம்மா நின்றாள். இடது கையை உயர்த்தி, நெற்றியிலும் நெஞ்சிலும் இரு தோளிலும் நிதானமாகச் சிலுவை போட்டாள்.

சவுரியப்பன் நெளிந்தான். “எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்” என்றாள் ரோசம்மா. “அன்னிக்கு பாத்ததாலதான் இன்னிக்கு ஜெயிச்சோம்.”