இரண்டாவது ஸ்லாட்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடை ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் வீடியோ காலில் வருவார்.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ஆச்சு."

அப்புறம் நான் அவர் நெற்றியைப் பார்ப்பேன், அவர் என் பின்னாலிருக்கும் சுவரைப் பார்ப்பார். "சரி, வெச்சிடறேன்" என்பார். வீட்டில் இருந்தபோதும் பெரிதாகப் பேசியவர் இல்லைதான். ஆனால் பக்கத்தில் இருந்தார். இருமுவார், சோபாவில் காலை நீட்டுவார், என் தலையணையைத் திருடுவார். போனில் அதெல்லாம் கிடையாது. போனில் பேசாத மனிதர் இல்லாத மனிதர் மாதிரியே ஆகிவிடுகிறார்.

நான் வீட்டிலிருந்தபடி போட்டோ ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறேன். என் கம்ப்யூட்டர் அவர் கையால் சேர்த்துப் பூட்டியது. கல்யாணமான புதிதில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கி, சாப்பாட்டு மேஜையை ஒரு வாரம் ஆக்கிரமித்துக்கொண்டு செய்தார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த கம்ப்யூட்டர் இப்போது பெரிய படம் ஒன்றைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பேசுவதற்கு வேறொன்றும் இல்லாத ஒரு நாளில் அதைச் சொன்னேன்.

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரேம் பத்தல. போர்டுல ரெண்டு ஸ்லாட் இருக்கு, ஒண்ணு காலியாத்தான் கெடக்கு. சைடு மூடிய கழட்டு, காட்டறேன்."

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். பின்பக்கம் எந்த ஸ்க்ரூ, அதை எங்கே பத்திரமாக வைப்பது, கை வைப்பதற்கு முன்னால் எதற்காக இரும்பைத் தொட வேண்டும், உள்ளே படிந்த தூசியை ஏன் வாயால் ஊதக் கூடாது என்று பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நடுவில் சிரித்தார்கூட. கடைசியில், "டிடிஆர் ஃபோர் ரேம் வாங்கிடு" என்றார். அன்றைக்குப் பூராவும் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை பார்த்தேன்.

அவர் பழக்கமாகப் பாகங்கள் வாங்குகிற கடையிலேயே வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் உட்காரவில்லை. ரேமின் அடிவிளிம்பில் இருக்கும் வெட்டு ஓரிடத்தில், ஸ்லாட்டில் இருக்கும் மேடு வேறிடத்தில். ஏற்கெனவே இருந்த ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் பார்த்தேன். டிடிஆர் த்ரீ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அட, ஆமா இல்ல?" என்றார் அவர்.

சரி, ஆனைக்கும் அடி சறுக்கும். மறுபடி ஒரு நீளமான பேச்சு. இந்த முறை, "டிடிஆர் த்ரீதான், ஆனா சர்வர்ல போடறது கேளு. ரொம்ப நாள் உழைக்கும்" என்றார். மாற்றி வாங்கி வந்தேன். அது ஸ்லாட்டில் உட்கார்ந்தது. ஆன் செய்தால் திரை இருட்டு. பீப் பீப் என்று ஒரே கத்தல்.

"சர்வர் ரேம இந்த போர்டு ஏத்துக்காது போலிருக்கே" என்று தாடையைச் சொறிந்தார்.

ஆனை ஒரு தடவை சறுக்கலாம். தினமும் சறுக்குமா? அந்தப் போர்டில் இருக்கும் ஒவ்வொரு வயரும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதையே மறந்துவிட்டார் என்றால் மேஜை, தரை, தலையணை எல்லாம் என்ன ஆகியிருக்கும்? கடலுக்குப் போன மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இந்த வீட்டை விட்டே போய்க்கொண்டிருக்கிறாரோ என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. பீப் சத்தம் வேறு நிற்கவில்லை, எரிச்சலில் பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுநாள் சர்வர் ரேமைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, என்னால முடியல. அண்ணன் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல." மேஜை டிராயரிலிருந்து ஒரு ரேமை எடுத்து வைத்தார். "இதான் உங்க கம்ப்யூட்டருக்கு. டிடிஆர் த்ரீ, பழசுல இருக்கற அதே ஸ்பீடு. நீங்க மொதல் தடவை வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணி எடுத்து வெக்கச் சொல்லிட்டாரு."

"அப்ப எனக்கு ஏன் அதையெல்லாம் குடுத்தீங்க?"

"அவ கேக்கறதக் குடு, திருப்பிக் கொண்டாந்தா வாங்கிக்கன்னாரு. ஏன்னு கேட்டா போன வெச்சிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா அவரப் பத்தி?"

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சாயங்காலம் போனைப் பாட்டிலில் சாய்த்து, ரேமைத் திரையருகே காட்டினேன்.

"வெட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு பாரு" என்று ஆரம்பித்தார்.

"இது பொருந்தும்ங்க. நீங்க கடையில எடுத்து வெக்கச் சொன்னதுதான் இது."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"சொல்லிட்டானா?"

"ம்."

"மாட்டிட்டா அதோட முடிஞ்சுதே" என்றார் மெதுவாக. "அப்புறம் எதப் பேசறது? இங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. தண்ணி, இரும்பு, தூக்கம். சாப்டியான்னு கேக்கறேன், சாப்டேங்கற. அதுக்கு மேல எனக்கு வரமாட்டேங்குது. ஆனா போன வெக்கவும் மனசு வரல."

திட்ட வேண்டும் என்று நிறைய சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன். இத்தனை நாளும் நான் மட்டும்தான் ஏங்குகிறேன் என்று இருந்துவிட்டேன்.

ரேமை மேஜையில் வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை அவருக்குத் தெரியும்படி திருப்பினேன். அந்த மூடியை இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றிவிடுவேன்.

"எல்லாம் மறந்துபோச்சுங்க" என்றேன். "மொதல்லேருந்து சொல்லுங்க. எந்த ஸ்க்ரூ?"