மூன்றாவது காரணம்

தாலுகா ஆபீஸ் வாசலில் இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறேன். காரணங்களுக்கு எண் போடாமல் எந்த மனுவும் என் கையைவிட்டுப் போனதில்லை. கடைசியில், எழுதியவர் துளசிங்கம் என்று போடுவேன்.

மலைப்படிக்குப் போகும் எங்கள் தெருவில் தஸ்தகீர் பாய் தையல் கடை வைத்தார். அதைக் காலி செய்யச் சொல்லித் தெருக்காரர்கள் கேட்க, நானே மனு எழுதினேன். இரண்டு காரணம் போதாது என்று பட்டது. மூன்றாவதாக, ‘காவடிக்காரர்களின் மஞ்சள் துணியைச் செருப்புக் காலால் மிதித்துத் தைக்கிறார்’ என்று நானாகச் சேர்த்தேன். அந்தக் கடைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்த மனுவில் மட்டும் கீழே என் பெயரைப் போடவில்லை.

பத்தாம் நாள் பாய் விசாரணை நோட்டீசோடு என் மேஜைக்கு வந்தார்.

“தமிழ் பேசுவேன்ண்ணா, படிக்கத் தெரியாது. நீங்கதான் பதில் எழுதணும்.”

“ஆங், எழுதிடலாம்.”

“கடைக்கு ஒரு தபா வந்து பாத்துடுங்க. பாக்காம எழுதினா நல்லாவா இருக்கும்?”

அந்த மனுவை எழுதியதும் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. பின்னாலேயே போனேன். நேராக உள்ளே கால் வைத்தேன்.

“அண்ணா, செருப்பு செருப்பு! மலைக்குப் போற துணி கிடக்குது.”

அவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். மெஷினுக்குக் கீழே வெளுத்த போர்வை. அதன்மேல் மஞ்சள் துணி.

“ஆடி மாசம் ஆச்சுன்னா என்னையே உள்ள விடமாட்டாரு. கால கழுவிகினு வான்னுவாரு” என்று அவர் மனைவி டீயோடு வந்தாள்.

பாய் மெஷினில் உட்கார்ந்து தைக்க, நான் ஸ்டூலில் உட்கார்ந்து பதில் எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றது. இதைச் சொல்லாவிட்டால் அவர் கடை போய்விடும். சொன்னால் வாசலில் என்னை நம்பி யார் வருவார்கள்? எழுதினேன். பெயரையும் போட்டேன்.

“படிச்சிக் காட்டுங்கண்ணா.”

படித்தேன். மூன்றாவதற்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

“மெஷின் சத்தத்துல கேக்கல.” காலை நிறுத்தினார்.

“மூன்றாவது காரணம் பொய். கடையைப் பார்க்காமலேயே அதை எழுதியவன் நான்.”

அவர் மனைவி என் டீ டம்ளரைப் பார்த்தாள். அது பாதி காலியாகியிருந்தது.

பாய் கேட்டார்: “கீழ பேர் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“அந்தக் காகிதத்துலயும் போட்டிருக்கலாம்.”

பதிலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மெஷின் மறுபடி ஓடியது. வாசலில் என் செருப்பை மாட்டிக்கொள்ள வெகுநேரம் பிடித்தது.