மாப்பிள்ளையை நிறுத்த ஒரு பிரேக்

நிற்பதன் விலை அன்று காலை நானூறு ரூபாய். முகூர்த்த நாள் என்பதால் பத்து மணிக்கெல்லாம் நானூற்று எழுபது ஆகிவிட்டது.

மணப்பெண் ஞானசௌந்தரி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஜாருக்கு வந்தாள். மாப்பிள்ளை ரத்தினவேலுவின் கார் பிரேக் போய் முந்தாநாளிலிருந்து நிற்கவில்லை. கல்யாண மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மற்றபடி குறையில்லை. நலங்கை ஜன்னல் வழியாக வைத்தார்கள். சாப்பாட்டைப் பொட்டலமாக நீட்டினார்கள்; மாப்பிள்ளை கையை வெளியே நீட்டி வாங்கிக்கொண்டார். ரசம்தான் சரிப்படவில்லை.

ஆனால் ஓடுகிற காரில் தாலி ஏறாது என்று புரோகிதர் சொல்லிவிட்டார். அடுத்த முகூர்த்தக்காரர்கள் வேறு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் பெண் இருந்தது, மாப்பிள்ளை இல்லை. நேரம் தவறினால் இந்த மாப்பிள்ளையையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஓடினாலும் பரவாயில்லையாம்.

ஞானசௌந்தரியால் பரவாயில்லை என்று விட முடியவில்லை. அந்த மாப்பிள்ளை அவளே தேடிப் பிடித்தவர்.

காரைக் கொண்டுவந்து நிறுத்தினால் பிரேக் தருகிறோம் என்றது கார் கம்பெனி. அதனால்தான் வெளிக்கடை.

முதல் கடையில் பிரேக் செக்கச் செவேலென்று இருந்தது.

"உள்ள உரசுற பேடு தேஞ்சா எப்படி மாத்துறது?"

"சக்கரத்தைக் கழட்டணும். பேடைப் புடிச்சிருக்கிற காலிப்பரைக் கழட்டணும். கதவு, சீட்டு, ஓட்டுறவரு, எல்லாம் கழட்டணும்."

"ஓட்டுறவரைத் திரும்ப மாட்டுவீங்களா?"

"முக்காவாசி மாட்டிருவோம்."

அடுத்த கடையில் பேடு தானாகவே மாறுமாம்.

"என்னவா மாறும்?"

"அது மாறினாத்தான் தெரியும். போன வாரம் ஒண்ணு தபால்காரரா மாறிட்டு. தங்கமான மனுசன். வண்டி மட்டும் நிக்கல."

தபால்காரர் கல்லா ஓரத்தில் உட்கார்ந்து வெட்கமாகச் சிரித்தார்.

மூன்றாவது கடை பால்வண்ண அண்ணாச்சியுடையது. அவர் ஒரு காலிப்பரை எடுத்து மேசையில் வைத்தார். அதன் முதுகில் ஜன்னல்போல ஒரு திறப்பு. குறுக்கே ஓர் ஊசி. ஊசியை உருவினார். தீப்பெட்டியிலிருந்து குச்சி வருவதுபோல பேடு கையோடு வந்தது.

"காலிப்பரைக் கழட்ட வேண்டாமா?"

"தொடவே வேண்டாம் தாயி. சக்கரத்தைக் கழட்டு, ஊசியை உருவு, புதுசைச் சொருகு. சாம்பார் தாளிக்கிற நேரம்தான். மாப்பிள்ளையே மாத்திக்கிடுவாரு."

"சாம்பாரை அவர் பாத்துக்கிடுவாரு. பேடு மாத்துறது நான். விலையைச் சொல்லுங்க."

அண்ணாச்சி விலை சொன்னார். கடை இருபதடி நீண்டது. அந்தக் கடையின் வழக்கம் அது. அவர் ஏற்றினால் பின்சுவர் தள்ளிப்போகும். வாங்குகிறவர் குறைத்தால் முன்னால் வரும். அவள் பாதிக்குக் கேட்டாள். சுவர் பாதி தூரம் வந்தது.

"பாதிக்குக் கேக்கியே, இது என்ன கத்தரிக்காயா?"

"கத்தரிக்காய்னா சொத்தை பாத்திருப்பேன்."

அவர் ரோஷத்தில் விலையைக் கண்டபடி ஏற்றினார். கடை நீண்டு நீண்டு, பின்சுவர் கல்யாண மண்டபத்தில் போய் முட்டியது. நாதஸ்வரம் கடைக்குள் கேட்டது. மண்டபத்தைச் சுற்றிய கார் கடையையும் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தது.

கடைசி விலையை அந்த பஜாரில் வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் விரல் பிடித்துச் சொல்வார்கள். ஒரு விரல் நூறு. முழுக் கையையும் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது. எதிராளி முகத்தைத்தான் பார்க்க வேண்டும். துண்டைப் பார்ப்பது மரியாதையில்லை.

அண்ணாச்சி துண்டைப் போட்டார். ஞானசௌந்தரி அவர் முகத்தைப் பார்த்தபடி மூன்று விரலைப் பிடித்தாள். எதிர்ப்பு இல்லை. முழுக் கையையும் இறுகப் பிடித்துவிட்டாள்.

"தாயி, என் ரெண்டு கையும் இங்க இருக்கு," என்றார் அண்ணாச்சி.

இருந்தன. அந்நேரம் கார் சுற்றுகிற சுற்றில் வாசல் வழியாகக் கடைக்குள் வந்திருந்தது. பொட்டலம் என்று நினைத்து ரத்தினவேலு கையை நீட்டியிருந்தார்.

அவள் விடவில்லை. துண்டோடு காருக்குப் பக்கத்தில் ஓடினாள். அண்ணாச்சியும் ஓடினார்.

"முழுக் கையும் புடிச்சாச்சு. மாப்பிள்ளை உனக்குத்தான். மூணு விரலு."

"அப்ப பிரேக்கு?"

"அதுக்குத் தனியாப் பேசணும்."

"மாப்பிள்ளை வாங்குறவளுக்குக் கொசுறு கிடையாதா அண்ணாச்சி? இதென்ன கடை?"

கடையைச் சொன்னால் அவருக்குத் தாங்காது.

"எடுத்துக்கிடு. கொசுறு."

கொசுறுக்கு விலையே கிடையாது. பின்சுவர் மண்டபத்தையும் இழுத்துக்கொண்டு ஒரே வீச்சில் முன்னால் வந்தது. புரோகிதர் வந்தார், மேளம் வந்தது, முதல் பந்தி இலையோடு வந்தது. ஓட இடமில்லாமல் கார் நின்றது. மாப்பிள்ளை இறங்கித் தாலி கட்டினார். அடுத்த முகூர்த்தத்துப் பெண், மேளம் கேட்டுப் பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்த தபால்காரரை ஒருமுறை பார்த்தாள், சரி என்றாள்.

பாயசம் வருவதற்குள் ஞானசௌந்தரி பிரேக்கை மாட்டி, பேடைச் சொருகி, ஊசியைப் போட்டுவிட்டாள். பிறகுதான் கவனித்தாள். பின்சுவர் வாசலை அடைத்து நின்றது; காரை வெளியே எடுக்க இடமில்லை.

பிறந்ததிலிருந்து விலையைக் குறைத்தே பேசியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நூறு ரூவா வாங்கிக்கிடுங்க."

"ஒத்தப் பைசா வேண்டாம் தாயி. கொசுறு கொசுறுதான்."

"நூத்தம்பது."

"என்ன அவமானப்படுத்துறியா?"

சுவர் அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. இருநூறில் அண்ணாச்சி தலையைத் தொங்கப் போட்டுச் சம்மதித்தார். வாசல் திறந்தது. அவர் சத்தமாகக் கணக்குப் படித்தார்:

மாப்பிள்ளை ஒன்றுக்கு மூன்று விரல். வெளியே போக இரண்டு விரல். பிரேக்குக்கு ஒன்றுமில்லை. ஆக ஒரு கை. கணக்கு நேர்.