கதவு வைக்காத வீடு

கட்டிலின் நான்காவது காலை அவள் விடவில்லை. மற்ற மூன்றையும் ஆண்கள் தூக்கிவிட்டார்கள். கட்டில் சாய்ந்ததில், மேலே கிடந்த கணவரின் தலை தலையணையில் மெல்லப் புரண்டது.

"இறக்குங்க" என்றாள்.

மகன் பதறிப்போய் இறக்கினான்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் வீடு நிறைய ஆட்கள்.

"நடு முத்தத்துல வெச்சா எல்லாரும் பார்க்க வசதியா இருக்கும்மா" என்றான் ரசமட்டம். அவருடைய தொழில் கூட்டாளி. மட்டம் பார்க்கும் கருவி மாதிரி தலை இம்மியும் சாயாமல் நடப்பான் என்று அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். "சார் உயிரா கட்டின இடம். வெளிச்சம் நேரா விழற நேரம் வேற."

"அவருக்கு வெயில் ஆகாது."

"இனிமே என்னம்மா வெயிலும் நிழலும்..." என்ற மகன் மீதியை விழுங்கிக்கொண்டான்.

வீடு கட்டுவதில் அவர் பெரிய பெயர். சூடான ஊருக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு, பழைய ஆட்கள் முட்டாள்களா என்று கேட்பார். ஓட்டுக் கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், ஓட்டை ஓட்டையாகச் செங்கல் அடுக்கிய சுவர், இடித்த வீடுகளிலிருந்து வாங்கிவந்த மரத்தூண்கள். உச்சி வெயிலிலும் தரை குளுகுளுவென்று இருக்கும். அறைகளுக்கு மட்டும் கதவு கிடையாது. குளியலறை தவிர எங்கே நின்றாலும் வீடு முழுக்கத் தெரியும், கேட்கும்.

"கதவு போட்டா காத்து எங்க போகும்?" என்பார்.

"காத்துக்கு வழி விட்டீங்க. எனக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதையும் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

இருபத்தைந்து வருடம் சேலை மாற்றக் குளியலறைக்குப் போனாள். வீடு பார்க்க வருபவர்கள் அடுப்படி வரை வந்து, "ஆகா, என்ன காத்து!" என்பார்கள். அவள் கரண்டியோடு ஒதுங்கி நிற்பாள்.

நேற்றுச் சாயங்காலம்தான் சொன்னாள். "ஒரு வீடு பார்த்திருக்கேன். சின்ன வீடுதான். ரெண்டு ரூம், ரெண்டுக்கும் கதவு இருக்கு. நான் அங்க போயிடலாம்னு இருக்கேன்."

அவர் அவளையே பார்த்தார். "நான்?" என்றார்.

அதற்குள் வீடு பார்க்க மாணவர்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தூண்களைக் காட்டப் போனார். பிறகு சாப்பாட்டு நேரத்திலும் யாராவது இருந்தார்கள். அவள் படுக்க வந்தபோது அவர் தூங்கிவிட்டிருந்தார். அந்தக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது.

"கொஞ்ச நேரம் நான் அவர்கூடத் தனியா இருக்கணும்" என்றாள் இப்போது.

"இரேன், யார் வேண்டாங்கறா?" என்றாள் நாத்தனார். ஆனால் யாரும் நகரவில்லை. நகர்ந்தாலும் எங்கே போவது? கூடத்துக்குப் போனவர்கள் கூடத்திலிருந்து பார்த்தார்கள். முற்றத்தில் ஒருவன் கேமராவை மெல்ல உயர்த்தினான்.

"எல்லாரும் வெளிய போங்க."

"அம்மா!"

"நீயும்தாண்டா. தெருவுக்குப் போங்க."

"சாவு வீட்டுல வந்தவங்களை விரட்டுவாங்களா? பித்துப் பிடிச்சிருக்கா உனக்கு?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "அவன் என் தம்பி!"

"தெரியும் அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன். போயிடுங்க."

ரசமட்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "வண்டி வந்துடும்மா. நிறையப் பேர் வந்துட்டிருக்காங்க. சார் பேருக்கு..."

"வண்டி நிக்கட்டும்."

அவள் கத்தவில்லை. அதுதான் அவனை அசைத்தது. முதலில் அவன் நடந்தான், பின்னால் மாணவர்கள். கேமராக்காரனின் தோளைப் பிடித்து மகன் தள்ளிக்கொண்டு போனான். நாத்தனார் மட்டும் தம்பியின் காலருகே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

குளியலறையை விட்டால் வாசல் கதவு மட்டும்தான் அந்த வீட்டுக்கு இருந்தது. பகலில் அதை யாரும் மூடியதில்லை. கனமான கதவு. தோள் கொடுத்துத் தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே சலசலப்பு எழுந்து, ஒன்றிரண்டு அதட்டலில் அடங்கியது. செங்கல் ஓட்டைகள் வழியே அவர்களுடைய சட்டை நிறங்கள் துண்டு துண்டாகத் தெரிந்தன. இனி பேசினால் அவர்களுக்கும் கேட்கும். கேட்கட்டும்.

கட்டிலருகே வந்தாள். புரண்டிருந்த தலையை நேராக்கினாள். நேற்று அவர் கேட்ட "நான்?" என்ற கேள்விக்குப் பதில் வாய் வரை வந்து அங்கேயே நின்றது.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். யாரோ கதவைத் தட்டினார்கள், ரொம்ப மெதுவாக.

அவரைக் கட்டிலின் நட்டநடுவில் கிடத்தியிருந்தார்கள். அவள் எப்போதும் தான் படுக்கும் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றாள்.

பிறகு, இருந்த இடத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.