ஐந்தரைக் கட்டை

வெள்ளவத்தையில் ஜவாத்தின் கடையில் வாங்கிய பழைய மிடி கீபோர்டை லாப்டொப்பில் கொழுவி, மியூசிக் சொஃப்ட்வெயரில் அதன் பெயரையும் தெரிவுசெய்தேன். முதல் வெள்ளைக் கட்டையை அமத்தினால் ஒரு கட்டைச் சுருதிதானே வரவேணும்? வந்தது ஐந்தரைக் கட்டை. பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான்!

போனில் பொரிந்து தள்ளினேன்.

“தங்கச்சி, சுருதி மாத்துற பட்டனை ஆரோ ஏத்தி வச்சிருக்காங்க. நான் சைபர்ல வச்சுத்தான் தந்தேன்,” என்றார் ஜவாத்.

ஆரோ? நேற்று வாங்கி வந்ததும் தன் லாப்டொப்பில் கொழுவி வாசித்தது என் மனுசன் பிரசாந் மட்டும்தான். கலியாண வீடுகளில், “எந்தச் சுருதியெண்டாலும் சொல்லுங்கோ, கை தானாப் போகும்,” என்று பாட்டுக்காரரிடம் புளுகுகிற அதே பிரசாந். அந்தப் பட்டன் இருந்தால் வெள்ளைக் கட்டைகளை மட்டும் அமத்தியே எந்தச் சுருதியிலும் வாசித்துவிடலாமே!

பட்டனைச் சைபருக்கு இறக்கி, மேலே பிளாஸ்டர் ஒட்டினேன். பின்னேரம் அவர் கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் கால் வைத்ததும், “இஞ்சருங்கோ, ஐந்தரைக் கட்டையில ஒரு பாட்டு வாசியுங்கோ,” என்றேன்.

“அதென்ன பெரிய வேலையே?” என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

கை தானாகத்தான் போனது. நேரே போய்ப் பிளாஸ்டரை நோண்டியது.