மூலை மடித்த அட்டை

கட்டிலுக்கு அடியில் கையை விட்டு மகள் செருப்புப் பெட்டியை இழுத்தபோது, கூடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. டிப்போ ஆட்கள் வந்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அப்பாவை எடுக்கிறார்கள். இன்னும் நாற்பது நிமிடம்.

பெட்டிக்குள் நான்கு தடுப்புகள்: அறிவியல், வரலாறு, இசை, விளையாட்டு. அப்பா பேருந்து டிப்போவில் டைம் கீப்பர். புதன்கிழமைதோறும் சாப்பாட்டு இடைவேளையில், ஓய்வறையில், இருபத்திரண்டு வருடமாக வினாடி வினா நடத்தியவர். புதுக் கேள்வி எழுதியதும் அட்டையின் மூலையை மடித்துவிடுவார். இரண்டு புத்தகங்களில் ஒரே விடை கிடைத்த பிறகுதான் மடிப்பை நிமிர்த்துவார். மூலை மடிந்த அட்டை சபைக்குப் போகாது.

போன வாரம் மருத்துவமனையில் கேட்டார். "செம்பு அட்டைக்கு இன்னொரு புக்கு பாக்கணும்மா. உன் சாயங்கால வகுப்பு புக்குல இருக்கும். கொண்டு வா."

"வீட்டுக்கு வந்ததும் பாத்துக்கலாம்ப்பா."

வீட்டுக்கு அவர் இன்று காலைதான் வந்தார், வண்டியில், படுத்தபடி.

அட்டை அறிவியல் தடுப்பில் கடைசியில் இருந்தது. 'மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் எது?' 'செம்பு' என்று எழுதியதை அடித்து, நடுங்கும் எழுத்தில் 'வெள்ளி' என்றிருந்தது. கீழே ஒரு புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும். அடுத்த வரி காலி. அதற்கும் கீழே: 'எலெக்ட்ரீஷியன் சொன்னது சரி. சபையில் சொல்ல வேண்டும்.' நிமிர்த்திய மூலையை மறுபடி மடித்ததில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

ஆறு வருடத்துக்கு முந்தைய இறுதிச் சுற்று. ஒர்க்‌ஷாப் அணியும் கண்டக்டர் அணியும் சமநிலை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அப்பா இரண்டாவது புத்தகம் பார்க்கவில்லை. 'வயர் எல்லாம் செம்புலதானே வருது' என்று இருந்துவிட்டார். ஒர்க்‌ஷாப் அணியில் இருந்த டிப்போ எலெக்ட்ரீஷியன் "வெள்ளி" என்றார். அப்பா "தவறு" என்றார். ஓய்வறையே சிரித்தது. கோப்பை கண்டக்டர்களுக்குப் போயிற்று, எலெக்ட்ரீஷியனுக்கு 'வெள்ளிக்கம்பி' என்ற பெயர் வந்தது. அன்றிலிருந்து புதன்கிழமைகளில் அவர் பேட்டரி ஷெட்டில் தனியாகச் சாப்பிட்டார்.

மகள் பையிலிருந்து பாடப் புத்தகத்தை எடுத்தாள். உலோகங்களின் மின்கடத்துத்திறன் அட்டவணையைக் கண்டுபிடித்தாள். முதலில் வெள்ளி. அடுத்தது செம்பு. தலைப்பைத் தவறாகப் படித்திருப்போமோ என்று சந்தேகம் வந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"அங்க அண்ணன் கிடக்கறாரு, நீ இங்க பரீட்சைக்குப் படிக்கிறியா?" சித்தப்பா அறை வாசலில் நின்றார்.

அட்டையைக் காட்டினாள். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இத இன்னைக்குப் போய் சொல்லப் போறியா? வெளிய என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? ஒரு கேள்வி தப்பா கேட்டதில்ல, ஒரு விடை தப்பா சொல்லலன்னு. இருக்கறவங்க வாயால கெடைக்கிற பேர நீயே கெடுக்கப் போறியா?"

"அவரே எழுதியிருக்காரு சித்தப்பா."

"எழுதினாரு, சொல்லல இல்ல? விடும்மா."

அவள் பேனாவை எடுத்துக் காலி வரியில் புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் எழுதினாள். மூலையை நிமிர்த்தி நகத்தால் நீவினாள்.

கூடத்தில் ஒரு கண்டக்டர் பேசிக்கொண்டிருந்தார். "என் பொண்ண இன்டர்வியூல பியானோவுக்கு எத்தன கட்டைன்னு கேட்டாங்களாம். எண்பத்தெட்டுன்னு பட்டுனு சொல்லியிருக்கா. யார் சொன்னதுன்னு கேட்டா, டைம் கீப்பர் தாத்தாங்கறா."

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்," என்றார் ஒரு டிரைவர். "எம் பொண்டாட்டி இன்னும் நம்பல."

மேனேஜர் எழுந்தார். "இருபத்திரெண்டு வருஷம். ஒரு தப்பு கிடையாது."

"ஒண்ணு இருக்கு சார்," என்றாள் மகள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள். சித்தப்பா தரையைப் பார்த்தார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் புதன்கிழமைதானே? சத்தமா படி. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலன்னா உங்கப்பாவுக்குப் பிடிக்காது."

அவள் கேள்வியைப் படித்தாள். அடித்த விடையைப் படித்தாள். திருத்திய விடையை, இரண்டு புத்தகங்களை, பக்க எண்களை, கடைசி வரியை. முடித்ததும் அட்டையிலிருந்து நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

எலெக்ட்ரீஷியன் வாசல்படிக்கு வெளியே நின்றிருந்தார், உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல.

"ரெண்டாவது புக்கு நீ பாத்தியாம்மா?"

"இப்பதான் பாத்தேன் மாமா. ரெண்டு தடவ."

அவர் தலையாட்டினார். மறுபடியும் தலையாட்டினார். கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கம்பின்னு நான்தான்யா பேர் வச்சேன். மனசுல வச்சுக்காத. மாத்திடலாம்."

"யோவ், ஆறு வருஷம் தூக்கிச் சுமந்த பேருய்யா. இப்பதான் நல்லாருக்கு. மாத்தினா உதைப்பேன்."

யாரோ சிரித்தார்கள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் ஏதோ சொல்ல வந்து, "அப்படிப்பட்ட ஆளு," என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தூக்கும்போது எலெக்ட்ரீஷியன் யாரையும் கேட்காமல் தலைமாட்டுப் பக்கம் போனார். சித்தப்பா நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தார்.

மகள் செருப்புப் பெட்டியோடு வண்டியில் ஏறி எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பக் காத்திருந்தபோது ஆக்டோபஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "அப்ப தங்கம் எத்தனாவது இடம்?"

எலெக்ட்ரீஷியன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு மகளைப் பார்த்தார்.

அட்டவணையில் மூன்றாவது வரி அவளுக்கு நினைவிருந்தது. இருந்தாலும் பெட்டியிலிருந்து ஒரு வெற்று அட்டையை உருவி, மடியில் வைத்துக் கேள்வியை எழுதினாள். எழுதியதும் மூலையை மடித்தாள்.