வாடகைக்காரர் இன்னும் காலி செய்யவில்லை

1

இந்தக் கதைக்கு மூலம் என் தங்கைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டுத் தலையைச் சொறிவதைவிட இது மேல். வாலு என்று நாங்கள் கூப்பிடும் அவள், கருப்பைத் தசையை ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். இப்போது அவளுக்கே ஏழாம் மாதம். அதிகம் நடமாடக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், என் வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு, நான் எழுதுவதையெல்லாம் வாங்கிப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறாள். வயிற்றில் இருப்பவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'வாடகைக்காரர்'.

முதல் குழந்தை ஆறாம் மாதத்திலேயே வலி கண்டு பிறந்தது. தங்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'ஹார்மோன் மணியடித்தது. உறங்கிக்கொண்டிருந்த கருப்பை திடுக்கிட்டு விழித்து, அந்த…'

(இங்கேயே தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.)

மணியெல்லாம் யாரும் அடிப்பதில்லையாம். வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மாதக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்குமாம். கருப்பைக்குத்தான் அது உறைக்காது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் அப்போது தசையில் குறைவு. நாள் நெருங்க நெருங்க அவை பெருகிவிடும். அப்புறம் அதே துளி போதும்.

"காது முளைக்கிற மாதிரின்னு வெச்சுக்கோக்கா. காதே இல்லாதவன்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்?"

கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோன் சங்கதி இன்னும் வேடிக்கை. பிரசவம் நெருங்கும்போதும் அது ரத்தத்தில் குறைவதில்லை. அதன் ஏற்பிகள் மாறிப்போய், கருப்பை அது சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.*

* கல்யாணமான ஆண்களுக்கும் இந்த ஏற்பிக் கோளாறு உண்டு என்று எழுதி அடித்துவிட்டேன். வாலுவின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளையும் இதைப் படிப்பார்.

3

கதாநாயகி வாலுதான். அவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு தெரிந்தவள் பயப்படுவாளா? பயப்படமாட்டாள் என்றுதான் முதலில் எழுதினேன். அவளுடைய வேலை அப்படி.

அறுவை சிகிச்சையில் பிள்ளை பெறும் தாய்மார்கள் சம்மதித்துக் கொடுக்கும் கருப்பைத் தசைத் துணுக்கை, ஆராய்வதற்காக ஆய்வகத்தில் நூலில் கட்டி வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிடுவார்கள். தொங்கவிட்டதும் அது சுருங்கிச் சிணுங்கும். அடங்கும்வரை கிட்டவே போகக்கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பொறுமையில்லாமல் நூலை லேசாக இழுத்துப் பார்ப்பார்கள். அன்றைய வேலை அத்தனையும் போச்சு. அதனால் வாலு அங்கே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'தொடாதே. தானா அடங்கும்.'

4

முடிவுகள்:

(அ) மழை கொட்டுகிறது. மாப்பிள்ளை கார் சாவியைத் தேடுகிறார். சட்டைப்பையிலேயே இருக்கிறது. குழந்தை வீல் என்று அழுகிறது.

(ஆ) இரட்டைக் குழந்தைகள். (ஸ்கேனில் ஒருவர்தான் என்று வாலு சிரித்தாள்.)

(இ) எழுதிக் கிழித்துவிட்டேன். என்னவென்று உங்களுக்கே தெரியும்.

நேற்று மத்தியானம் (அ)வைப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு கல்லாக இறுகியது. சற்றுப் பொறுத்து மறுபடியும். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை ஓடி வந்தார். (சாவி நிஜமாகவே சட்டைப்பையில்தான் இருந்தது.)

டாக்டரம்மா நிதானமாகப் பரிசோதித்தார். கருப்பை வாய் மூடித்தான் இருக்கிறது, இது சும்மா இறுகி அடங்கும் வயிறு, வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆனால் இன்னும் சில வாரங்களாவது தாக்குப்பிடிக்கவேண்டுமாம்.

திரும்பி வரும்போது, என் கதைதான் வலியைக் கிளப்பிவிட்டதோ என்று அவளிடம் உளறிவிட்டேன். சகுனம் என்று யாராவது வாயெடுத்தாலே விழுந்து விழுந்து சிரிப்பவள் அவள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கதையால வலி வராது. அது எனக்கு நல்லாவே தெரியும்," என்றாள். "இருந்தாலும், முடிவ மட்டும் இப்ப எழுதாதேக்கா."

5

ஆகவே, மூன்றாவது பகுதியில் கதாநாயகியைப் பற்றி எழுதியது தப்பு. திருத்தவில்லை, அப்படியே கிடக்கட்டும். முடிவுகளை மட்டும் அடித்துவிட்டேன். மேலே நீங்கள் படித்ததையும் படிக்காததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தூரம் கூட வந்தவராயிற்றே, உங்களுக்கும் ஒரு முடிவு தோன்றியிருக்கும். நல்லதாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். அதை மனசிலேயே வைத்திருங்கள். அவசரப்பட்டு வெளியே சொல்லிவிடாதீர்கள்.

வாலு ஒருக்களித்துத் தூங்குகிறாள். வயிற்றின் ஒரு பக்கம் மெல்ல எழும்பி அடங்குகிறது. முழங்காலாக இருக்கலாம். தொட்டுப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். இருங்கள் ஐயா, சௌகரியமாக இருங்கள், உங்களை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. இந்தக் கதைக்கு முற்றுப்புள்ளி வைக்கும் எண்ணமும் எனக்கு இப்போதைக்கு இல்லை